வாசகர் கேள்வி–பதில்: ஊர் சிறுத்துப் போனபோது சேர்த்து வைத்த வீடுகள்

போன இதழில், கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் நாங்கள் பார்த்த குடியேறிகள் மியூசியத்தைப் பற்றி எழுதியிருந்தேன். நூறு பேர்கூட இல்லாத ஊர். ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம், ஒரு வீடு, ஒரு கடை, ஒரு கொல்லன் பட்டறை, எல்லாம் ஒரு புல்வெளியில் வரிசையாக நின்றன. கதவில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்தோம், எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் சாவிக்கொத்தோடு வந்து ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். குடியேறிகளுக்கு 160 ஏக்கர் நிலத்தைச் சும்மா கொடுத்தார்கள் என்றும் ஒரு வரி. இவ்வளவுதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாதிரி மியூசியம் நான்கைந்து பார்த்துவிட்டேன் அக்கா. எல்லா இடத்திலும் அதே பள்ளிக்கூடம், அதே கொல்லன் பட்டறை, அதே மிதி தையல் மெஷின். ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதானே?
– பிராம்ப்டன் வாசகர்

ஒன்றுபோல இருப்பது உண்மைதான் தம்பி. ஆனால் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதி வரலாறு அங்கேயே கிடைத்துவிடும்.

பிரெய்ரி என்கிற மேற்குக் கனடாப் புல்வெளிச் சமவெளியில் முதலில் கோடு போட்டு நிலத்தைப் பிரித்தார்கள், பிறகுதான் பெரும்பாலான குடியேறிகள் வந்தார்கள். ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் கால் பங்கு, அதாவது 160 ஏக்கர், ஒரு குடியேறிக்கு. இரட்டை எண் செக்‌ஷன்கள் பெரும்பாலும் குடியேறிகளுக்கு, ஒற்றை எண்கள் பெரும்பாலும் ரயில்வேக்கு, 11, 29 இரண்டும் பள்ளிக்கூடங்களுக்குப் பணம் திரட்ட, 8-ஆம் எண்ணும் 26-இல் பெரும்பகுதியும் பழைய விலங்குத்தோல் வியாபார நிறுவனமான ஹட்சன் பே கம்பெனிக்கு. இப்படி ஒரே அச்சில் வார்த்த நிலம். மரம் அதிகம் இல்லாத தென்பகுதிக்குப் பலகை ரயிலில் வந்தது. அடுப்பு, சட்டை, பொம்மை, கலப்பை எல்லாம் ஈட்டன் கடையின் கேட்டலாக்கைப் பார்த்து எழுதிப்போட்டு வாங்கினார்கள். அந்தக் கேட்டலாக் 1884-இல் தொடங்கியது. 1910-லிருந்து 1932 வரை வீட்டுக்கான வரைபடத்தைக்கூட அவர்களே விற்றார்கள், படத்தைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுத்தால் மரம் ரயிலில் வந்து இறங்கும். ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களில் ஒரே அடுப்பு நிற்பது இதனால்தான்.

இது ஒரு காரணம். இன்னொன்று உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். இந்த மியூசியங்களில் நிறைய, குடியேறிகள் காலத்தில் தொடங்கியவை அல்ல, ஊர் சுருங்கத் தொடங்கிய காலத்தில் தொடங்கியவை. 1940-களிலிருந்து 60-கள் வரை ஒற்றை அறைப் பள்ளிக்கூடங்களை மூடி, பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிப் பெரிய ஊருக்கு அனுப்பினார்கள். ரோடு நன்றாக ஆனதும் கடைக்கும் தேவாலயத்துக்கும்கூட மக்கள் அங்கேயே போனார்கள். பிறகு ரயில் கிளைப் பாதைகள் போயின. அதே சமயத்தில் 1955-இல் ஆல்பர்ட்டாவுக்கும் சஸ்காச்சுவானுக்கும் ஐம்பது வயது, 1967-இல் நாட்டுக்கே நூறு. ஊருக்கு ஊர் ஏதாவது செய்ய நினைத்தார்கள். கண்முன்னால் பூட்டிக் கிடந்தது பள்ளிக்கூடம், அதில் படித்தவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். அந்தக் கட்டடத்தையே பெயர்த்து இழுத்து வந்து வைத்தார்கள்.

அதனால் அடுத்த முறை போகும்போது கட்டடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பதோடு நிற்காதீர்கள். எந்த ஆண்டு இங்கே வந்தது, யார் கொண்டு வந்தார்கள், ஏன் அந்த ஆண்டு என்று கேளுங்கள். முதல் தேதி பலகையில் எழுதியிருக்கும். இரண்டாவது தேதி சாவி வைத்திருப்பவரின் வாயில்தான் பெரும்பாலும் இருக்கும். நான் போன ஊரில் பெரியவர் பள்ளிக்கூடத்தைத் திறக்கும்போது, "கடைசி வகுப்பில் ஒன்பது பேர், அதில் ஒருத்தன் நான்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கட்டடம் வேறு எந்தப் பள்ளிக்கூடம் மாதிரியும் எனக்குத் தெரியவில்லை.

கட்டடத்திலும் வித்தியாசம் உண்டு, கொஞ்சம் நின்று பார்த்தால் போதும். உக்ரேனியர் வீடு என்றால் மரக்கட்டைச் சுவருக்கு மேல் களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசி, சுண்ணாம்பு அடித்து, தெற்குப் பார்த்து நிற்கும், உள்ளே 'பிச்' என்கிற பெரிய மண் அடுப்பு. மென்னோனைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவினரின் வீடு என்றால் வீடும் மாட்டுத்தொழுவமும் ஒரே கூரையின் கீழ் ஒட்டியிருக்கும், பனிப்புயலில் மாட்டுக்குத் தீவனம் போட வெளியே இறங்க வேண்டாம். தபால் ஆர்டர் வீடுகளுக்கு நடுவே இவற்றைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த ஊருக்கு யார் யார் வந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

160 ஏக்கர் "சும்மா கொடுத்தார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். யாருடைய நிலத்தை யார் கொடுத்தது?
– விண்ணிபெக் வாசகி

இந்தக் கேள்வியை ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். போன இதழிலேயே நான் எழுதியிருக்க வேண்டியது. எழுதாதது தவறு.

சட்டப்படி நடந்தது இது. 1872-இல் டொமினியன் லேண்ட்ஸ் சட்டம் வந்தது. பத்து டாலர் பதிவுக் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர். மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஆறு மாதமாவது அங்கே குடியிருந்து, வீடு கட்டி, குறிப்பிட்ட அளவு நிலத்தை உழுது காட்டினால் பட்டா கைக்கு வரும். அரசாங்கத்தோடு பத்து டாலர் பந்தயம் கட்டுவது என்றே குடியேறிகள் இதைச் சொல்வார்கள். தோற்றுத் திரும்பியவர்கள் ஏராளம். அவர்கள் வீடு எந்த மியூசியத்திலும் இல்லை.

ஆனால் அந்த நிலம் காலியாகக் கிடந்த நிலம் இல்லை. கிரீ, சோட்டோ, அசினிபோயின், பிளாக்ஃபுட் என்கிற பூர்வகுடி மக்களும், பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மேட்டி மக்களும் வாழ்ந்த நிலம். அரசாங்கம் பூர்வகுடி மக்களோடு செய்த, எண்ணிட்டு அழைக்கும் ஒப்பந்தங்களில் முதல் ஏழு 1871-லிருந்து 1877-க்குள் கையெழுத்தாயின. தென் சஸ்காச்சுவானுக்கான நான்காம் ஒப்பந்தம் 1874, அதற்கு வடக்கே ஆறாம் ஒப்பந்தம் 1876. அந்தச் சில ஆண்டுகளிலேயே அவர்களுடைய உணவும் உடையும் கூடாரமுமாக இருந்த காட்டெருமைக் கூட்டம் வேட்டையில் அழிந்து போனது. பசியோடு இருந்தவர்களை 'ரிசர்வ்' என்று ஒதுக்கிய நிலத்துக்குள் அனுப்பினார்கள். 1885-இல் மேட்டி மக்களின் எழுச்சியை பட்டோஷ் என்ற ஊரில் அடக்கி, அவர்களின் தலைவர் லூயி ரியேலை அதே ஆண்டு நவம்பரில் ரெஜைனாவில் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகு ரிசர்வை விட்டு வெளியே போவதற்கே அதிகாரியிடம் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்தச் சீட்டு முறைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ரியேலைத் தூக்கிலிடுவதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் கனேடியன் பசிபிக் ரயில் பாதையின் கடைசி ஆணியை அடித்திருந்தார்கள். இரண்டும் ஒரே மாதம்.

பெண்களுக்கும் இந்த 160 ஏக்கர் கிடையாது. விதவையாகவோ வேறு வகையிலோ தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறவளாக இருந்தால் மட்டும் கிடைக்கும். எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவில் 1862-லேயே கல்யாணமாகாத பெண் நிலம் எடுக்கலாம் என்று இருந்தது, இங்கே 1876-லிருந்து இல்லை. மியூசியத்தில் வெண்ணெய் கடையும் பானையும் சலவைத் தொட்டியும் ரொட்டித் தட்டும் நிறைய இருக்கிறதே, அந்த வேலையைச் செய்தவர்கள் பெயர் பட்டாவில் ஏன் இல்லை என்பதற்கு இதுதான் பதில்.

நான் போன மியூசியத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கொல்லைப்புறம் உழும்போது கிடைத்த அம்பு முனைகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி "இந்தியர் பொருட்கள்" என்று எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை. கேட்டேன். தன் தாத்தா வந்த முதல் குளிர்காலத்தில் எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்துவது என்று பக்கத்து ரிசர்விலிருந்து வந்த ஒருவர் காட்டிக் கொடுத்ததை அவரே சொன்னார். அது ஏன் சுவரில் இல்லை என்றதற்குக் கொஞ்ச நேரம் யோசித்தார். எழுத வேண்டியதுதான் என்றார். அந்த ரிசர்வ் மக்களையே கூப்பிட்டு எழுதச் சொல்லலாமே என்றேன். அந்தப் பெட்டியை யார் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இதே வரிசையில் சீனர்களையும் சொல்ல வேண்டும். பிரெய்ரி ஊர்களில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சீனக் குடும்பத்தின் அல்லது பெரும்பாலும் குடும்பத்தை அழைத்து வர முடியாத தனி ஆளின் கஃபே இருக்கும். சீனர் நாட்டுக்குள் வர ஆளுக்குக் கட்ட வேண்டிய தலைவரி 1885-இல் 50 டாலர், 1903-இல் 500 டாலர், 1923-லிருந்து 1947 வரை கிட்டத்தட்ட யாருமே வர முடியாது. கொல்லன் பட்டறையை இழுத்து வந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கஃபேயை இழுத்து வந்தார்கள் என்று பாருங்கள். சஸ்காச்சுவானில் மெய்ட்ஸ்டோன் பக்கம் போகிறவர்கள் ஷைலோ பாப்டிஸ்ட் தேவாலயத்தையும் பார்க்க வேண்டும். இன வெறுப்பு தாங்காமல் ஓக்லஹோமாவிலிருந்து கிளம்பி வந்த கறுப்பின மக்கள் மரக்கட்டைகளைச் செதுக்கிக் கட்டியது, பக்கத்திலேயே அவர்கள் கல்லறைகள்.

மண் வீடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? மழையில் கரைந்து போயிருக்குமே?
– மொன்றியல் வாசகர்

பெரும்பாலும் கரைந்துதான் போயின. அவை தற்காலிகத்துக்கு என்றே கட்டியவை. பிரெய்ரிப் புல்லின் வேர் ஆழமாகப் பின்னிக்கொண்டு இருக்கும். கலப்பையால் அதை நீள நீளப் பட்டையாக உரித்து, மண்வெட்டியால் துண்டு போட்டு, புல் பக்கம் கீழே இருக்கும்படி செங்கல் மாதிரி மாற்றி மாற்றி அடுக்குவார்கள். வேர் ஒன்றுக்குள் ஒன்று பிடித்துக்கொள்ளும். சுவர் இரண்டு மூன்று அடி கனம், குளிரில் கதகதப்பு, வெயிலில் குளிர்ச்சி. கூரைதான் தொல்லை. வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே சொட்டும், பாம்பும் எலியும் வரும். மரம் வாங்கப் பணம் சேர்ந்ததும் பலகை வீடு கட்டிக்கொண்டு இதை ஆட்டுக்கோ கோழிக்கோ விட்டுவிடுவார்கள், சில ஆண்டுகளில் மறுபடியும் மண்.

ஆனால் ஒன்று நிற்கிறது. சஸ்காச்சுவானில் கிண்டர்ஸ்லி அருகே அடிசன் வீடு. ஜேம்ஸ் அடிசன் என்பவர் 1909-க்கும் 1911-க்கும் இடையில் கட்டியது. சுவரை அடியில் அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் சாய்த்துக் கட்டினார், நல்ல கூரை போட்டார், வெளிப்பக்கத்தைப் பிற்பாடு மூடினார்கள். அதனால் தண்ணீர் உள்ளே போகவில்லை. நூறு ஆண்டுக்கு மேலாக நிற்கிறது, தேசிய வரலாற்றுச் சின்னம். பார்த்தால் சாதாரணப் பலகை வீடு மாதிரிதான் இருக்கும், ஜன்னலோரம் சுவரின் கனத்தைப் பார்த்தால்தான் புரியும். தனியார் இடம் என்பதால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

மற்ற மியூசியங்களில் நீங்கள் பார்க்கும் மண் வீடு புதிதாகக் கட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் தப்பில்லை, பலகையில் அப்படி எழுதியிருந்தால்.

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒட்டியிருந்த "ஆசிரியைகளுக்கான விதிகள்" ரொம்பப் பிடித்தது. ஐஸ்கிரீம் கடைக்குப் போகக் கூடாது, இரவு எட்டு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு பாவாடையாவது உடுத்த வேண்டும்... உண்மையாகவே இப்படியெல்லாம் இருந்ததா?
– எட்மன்டன் வாசகி

அந்தத் தாளை நானும் பல இடத்தில் பார்த்திருக்கிறேன் அம்மா, கனடாவிலும் அமெரிக்காவிலும். ஊர் பெயர் மாறும், ஆண்டு மாறும், வாசகம் கிட்டத்தட்ட அதேதான். மூல ஆவணம் எங்கே என்று தேடினவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. ஒரு மியூசியத்தைப் பார்த்து இன்னொன்று நகல் எடுத்து ஒட்டியதாகவே தெரிகிறது. ஆசிரியைகளின் நடத்தையில் ஊர்க்காரர்கள் தலையிட்டது உண்மை, கல்யாணமானால் வேலையை விட வேண்டியிருந்ததும் உண்மை. ஆனால் அந்தத் தாளை வைத்து அதை நிறுவ வேண்டாம். எனக்கு அதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பக்கத்து அலமாரியிலேயே அந்தப் பள்ளியின் உண்மையான வருகைப் பதிவேடு தூசி படிந்து கிடக்கும்.

அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, ஒரே ஆசிரியை, பல சமயம் அவருக்கே இருபது வயது ஆகியிருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் பெரிய பையன்கள் பெயருக்கு நேரே வரிசையாக வராத குறி: விதைப்பு. செப்டம்பரிலும் அப்படியே: அறுவடை. ஜனவரியில் சின்னப் பிள்ளைகள் வரவில்லை: குளிர். பதினைந்து நிமிடம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள், இரண்டு பாவாடையைவிட இது நன்றாக மனதில் நிற்கும். பின்னால் குதிரை கட்டும் கொட்டகை இருக்கிறதா, தண்ணீர் வாளியும் எல்லோரும் குடித்த ஒரே அகப்பையும் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

எப்போது திறந்திருக்கும்? கட்டணம்?
– ஸ்கார்பரோ வாசகர்

சின்ன ஊர்களில் பெரும்பாலும் மே நீள வாரஇறுதியிலிருந்து செப்டம்பர் லேபர் டே வரைக்கும்தான். கட்டடங்களுக்குள் ஹீட்டர் கிடையாது. கட்டணம் பல இடங்களில் உண்டியலில் நீங்கள் போடுவது. தயவுசெய்து சில்லறை போடாதீர்கள், கூரை மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும். ஆகஸ்ட், செப்டம்பரில் பழைய நீராவி இஞ்சினை ஓட்டிக் கதிரடித்துக் காட்டும் நாள் என்று ஒன்று பல ஊர்களில் வைப்பார்கள், ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்றால் அன்றைக்குப் போங்கள்.

கட்டடத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டு வந்து வரிசையாக வைப்பது செட் போட்ட மாதிரி இல்லையா? எப்படித்தான் தூக்குகிறார்கள்?
– ஒட்டாவா வாசகர், கட்டடப் பொறியாளர்

எப்படி என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டும், இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பலகை வீடு என்றால் முழுசாகவே நகரும். புகைபோக்கியை இறக்கிவிட்டு, தேவாலயமானால் கோபுரத்தையும் தனியாகக் கழற்றிவிட்டு, ஜாக்கி வைத்து அங்குலம் அங்குலமாகத் தூக்கி, அடியில் இரும்பு உத்தரங்களைச் செருகி, சக்கரங்களில் ஏற்றி, மின்கம்பிகளை உயர்த்திப் பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு, நடக்கும் வேகத்தில் இழுப்பார்கள். அந்தக் காலத்தில் நிலம் உறைந்த பிறகு மரச் சறுக்கில் வைத்துக் குதிரையோ டிராக்டரோ பூட்டி இழுத்தார்கள். மரக்கட்டை வீடு என்றால் ஒவ்வொரு கட்டைக்கும் எண் போட்டுப் பிரித்து, புது இடத்தில் அதே வரிசையில் கோப்பது.

செட் என்று நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கட்டடம் அதன் இடத்திலேயே இருப்பதுதான் முதல் விருப்பம் என்று பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையில் எல்லோரும் சொல்வார்கள், கனடாவின் தேசிய வழிகாட்டு நெறிகளும் அப்படித்தான். எதைப் பார்த்து வாசல் வைத்தார்கள், கிணறு எத்தனை எட்டு, பக்கத்து வீட்டு விளக்கு தெரியுமா, இதெல்லாம் நகர்த்தினால் போய்விடும். அடுத்த வீடு அரை மைல் தள்ளி இருந்த தனிமையில்தான் அவர்கள் வாழ்ந்தார்கள், அதைத் தெருவாக்கி வைத்தால் வேறு கதை ஆகிவிடுகிறது.

ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு முன்னால் இருந்தது அந்த இடத்திலா இந்த இடத்திலா என்கிற கேள்வி இல்லை. புல்டோசரா, தீக்குச்சியா, இழுத்து வருவதா என்பதுதான். நடுவயலில் நிற்கும் காலிப் பள்ளிக்கூடத்துக்கு யார் காவல்? பள்ளி நிலத்தை வாங்கிய விவசாயிக்கு உழவுக்கு இடைஞ்சல். நான் இழுத்து வந்தவர்கள் பக்கம்தான். ஒன்றே ஒன்று கேட்பேன், பழைய இடத்தின் செக்‌ஷன் எண், டவுன்ஷிப் எண், எந்தத் திசை பார்த்து நின்றது, நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும் எடுத்த போட்டோ, இவை கட்டடத்துக்குள்ளேயே மாட்டியிருக்க வேண்டும்.

இடம் மாறாமலேயே பெரிதாகச் செய்ய முடிந்த இடங்களும் உண்டு, நகர்த்தி வைத்தும் நேர்மையாகச் செய்த இடங்களும் உண்டு. எட்மன்டனுக்குக் கிழக்கே உள்ள உக்ரேனியப் பாரம்பரியக் கிராமத்தில் பெரும்பாலான கட்டடங்கள் வேறு இடத்திலிருந்து வந்தவைதான், ஆனால் ஒவ்வொன்றும் எந்தக் குடும்பத்துடையது, எந்த ஆண்டு நிலையில் காட்டுகிறார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். மானிடோபாவின் ஸ்டைன்பாக்கில் மென்னோனைட் கிராமத்துக் காற்றாலை நகல்தான். 1972-இல் கட்டினார்கள், 2000-இல் யாரோ தீ வைத்து எரித்தார்கள், அடுத்த ஆண்டே திரும்பக் கட்டினார்கள். அந்த இரண்டாவது காற்றாலை நகலின் நகல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஒரு ஊர் திரும்ப எழுந்து நின்றது அது.

நெடுஞ்சாலையில் போகும்போது தூரத்திலிருந்தே தெரியும் உயரமான மரக் கட்டடம் எது? அதுவும் மியூசியமா?
– மகனைப் பார்க்கக் கால்கரி வந்திருக்கும் மதுரை வாசகர்

அது கிரெய்ன் எலிவேட்டர் ஐயா. விவசாயி வண்டியில் கோதுமை கொண்டு வந்து கொட்டுவார், உள்ளே முடிவில்லாமல் சுற்றும் பட்டையில் கோத்த கிண்ணங்கள் அதை உச்சிக்குத் தூக்கிக் கொண்டுபோய் ரகம் ரகமாகத் தொட்டிகளில் போடும், அங்கிருந்து ரயில் பெட்டிக்கு. சுவரைப் பார்த்தீர்களா? பலகையை நிற்க வைத்துக் கட்டவில்லை. படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடித்தது, இல்லாவிட்டால் தானியத்தின் எடை பிளந்துவிடும். குதிரை வண்டியில் ஒரே நாளில் போய்த் திரும்ப முடிய வேண்டும் என்று சுமார் 10, 15 கிலோமீட்டருக்கு ஒரு இடமாக வைத்தார்கள். 1930-களில் மேற்குக் கனடாவில் 5,700-க்கும் மேல் இருந்தன. லாரி வந்தது, கிளை ரயில் பாதைகள் போயின, 1897-லிருந்து விவசாயிக்குச் சலுகையாக இருந்த ரயில் கட்டணம் 1995-இல் முடிந்தது, கான்கிரீட்டில் பெரிய கிடங்குகள் எழுந்தன. அப்புறம் சடசடவென்று இடித்தார்கள். இன்றைக்குச் சில நூறுதான். மானிடோபாவின் இங்கிலிஸ் ஊரில் ஐந்து எலிவேட்டர்கள் ஒரே வரிசையில் காப்பாற்றப்பட்டு நிற்கின்றன, தேசிய வரலாற்றுச் சின்னம்.

உங்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தத் தொட்டிகளை நிரப்பிய கோதுமையில் மார்க்விஸ் என்று ஒரு ரகம். குளிர் சீக்கிரம் வந்துவிடும் இந்தப் பூமியில் பழைய ரெட் ஃபைஃப் ரகம் சில சமயம் முற்றுவதற்குள் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். மார்க்விஸ் பல நாள் முன்னதாகவே முற்றியது, பிரெய்ரியைக் கோதுமைப் பூமியாக்கியதில் அதற்குப் பெரிய பங்கு. ஒட்டாவாவில் சார்ல்ஸ் சாண்டர்ஸ் தேர்ந்தெடுத்த அந்த ரகத்தின் பெற்றோரில் ஒன்று ரெட் ஃபைஃப், இன்னொன்று இந்தியாவிலிருந்து வந்த ஹார்ட் ரெட் கல்கத்தா. எலிவேட்டருக்குள் போனால் இதை மகனுக்குச் சொல்லுங்கள்.

மூஸ் ஜா பக்கம் வயலுக்கு நடுவே கப்பல் நிற்கிறது என்று நண்பன் சொன்னான். கடலே இல்லாத இடத்தில் கப்பலா?
– ரெஜைனா வாசகர்

நிற்கிறது. மூஸ் ஜாவுக்குத் தெற்கே, சுகானன் கப்பல் மியூசியம். பின்லாந்திலிருந்து வந்து நிலம் எடுத்த டாம் சுகானன், மழை பொய்த்த 1930-களில், ஆற்று வழியாக ஹட்சன் விரிகுடாவுக்குப் போய் அங்கிருந்து ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்று தனி ஆளாக இரும்புத் தகடும் மரமும் வைத்துக் கப்பல் கட்டினார். தண்ணீர் வரை இழுத்துச் சேர்க்க முடியவில்லை. 1943-இல் மருத்துவமனையில் இறந்தார். பாகம் பாகமாகக் கிடந்ததைப் பிறகு வந்தவர்கள் தேடிச் சேர்த்து நிறுத்தினார்கள், அவரையும் அதன் பக்கத்திலேயே கொண்டு வந்து புதைத்தார்கள். பைத்தியக்காரர் என்று அப்போது சொன்னார்கள். ஊருக்குப் போக முடியாத ஏக்கம் என்றால் என்ன என்று நம்மில் பலருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போய்ப் பாருங்கள்.

அக்கா, நான் நர்ஸ். வேலைக்காகச் சஸ்காச்சுவானில் ஒரு சின்ன ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஊர் மியூசியத்தில் உதவிக்கு ஆள் இல்லை என்று என்னையும் கமிட்டியில் சேரச் சொல்கிறார்கள். முதல் வேலை குளிர்காலம் முழுக்கப் பூட்டியிருந்த வீட்டைச் சுத்தம் செய்வது. எனக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. சேரலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

சேருங்கள் தங்கச்சி. ஆனால் துடைப்பத்தை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

பிரெய்ரியில் பூட்டிக் கிடந்த கட்டடத்தில் 'மான் எலி' (டீர் மவுஸ்) என்கிற காட்டுச் சுண்டெலி கட்டாயம் இருந்திருக்கும். அதன் எச்சத்தில் ஹன்டா வைரஸ் இருக்கலாம், காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசியோடு மூச்சில் போகும், நுரையீரலைப் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். கையுறை, நன்றாகப் பொருந்தும் முகக்கவசம். ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து எச்சத்தை நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் துடைத்து எடுங்கள். பெருக்கக் கூடாது, வாக்குவம் கூடாது. காட்சிப் பொருள்மேல் மட்டும் ப்ளீச் படக் கூடாது, அதற்கு மாகாண மியூசியம் சங்கத்திடம் கேளுங்கள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கும், பாடம் செய்த விலங்குகளில் ஆர்செனிக் இருக்கலாம், பழைய மருந்துப் புட்டிகளைத் திறக்கவே வேண்டாம். நர்ஸ் என்பதால் இதைச் சொன்னதும் உங்களுக்குப் புரியும், அங்கே இருக்கும் மற்றவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்து, கமிட்டியில் பணம் பற்றிப் பேச்சு வந்தால் கூரைக்குப் போகட்டும் என்று சொல்லுங்கள். பெயின்ட், பூந்தொட்டி, புதுப் பெயர்ப்பலகை எல்லாம் அப்புறம். மரக் கட்டடம் மேலே ஒழுகினாலும் அடிக்கட்டை மண்ணைத் தொட்டாலும் அழுகும், இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றது காத்திருக்கும். சுற்றிலும் புல்லை ஒட்ட வெட்டி வைக்க வேண்டும், காய்ந்த புல்லில் தீ வந்தால் சில நிமிடம்தான். கோடையில் மாணவரைச் சம்பளத்துக்கு வைக்க மத்திய அரசின் கனடா சம்மர் ஜாப்ஸ் உதவி உண்டு, அதற்கு விண்ணப்பம் குளிர்காலத்திலேயே போட வேண்டும் என்பதைச் சின்ன ஊர்களில் மறந்துவிடுகிறார்கள்.

பன்னிரண்டாவது தையல் மெஷினை யாராவது கொண்டு வந்தால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பத் தைரியம் வேண்டும். யாருடையது, எந்த வீட்டில் இருந்தது, அதில் என்ன தைத்தார்கள் என்று ஒரு கதை இருந்தால் வாங்கலாம். வாங்கினால் கையெழுத்திட்ட நன்கொடைத் தாள், ஒரு எண், ஒரு போட்டோ. இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்துப் பேரன் வந்து இரவல் கொடுத்தது என்பான்.

வரலாறு தெரியாது என்றீர்களே, அந்த ஊரில் பிறந்தவர்கள் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று கேட்காமல் விட்டதை நீங்கள்தான் கேட்பீர்கள். உங்கள் ஊர் மருத்துவமனையில் முதியவர் பிரிவு இருந்தால், வேலை நேரத்தில் கேட்காதீர்கள், நோயாளி விவரம் வேறு, இது வேறு. ஓய்வு நாளில், மியூசியத்தின் பெயரில், அவர்களும் குடும்பமும் சம்மதித்தால், பழைய போட்டோ இரண்டை எடுத்துக்கொண்டு போங்கள். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்றால் யாருக்கும் ஒன்றும் வராது. "இந்த அடுப்பில் முதலில் யார் தீ மூட்டுவார்கள், காலையில் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். போனிலேயே பதிவு செய்யலாம். யார் பேசினார்கள், என்ன தேதி, யார் கேட்டது என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் விட்டுப்போகும்.